நீலகிரியில டனல், மூடின ஃபேக்டரி, டவர்னு ஏறி இறங்குறது: சட்டம் என்ன சொல்லுது, ரிஸ்க் எவ்ளோ?

குன்னூர்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு குன்னூர், வேலை கோயம்புத்தூர்ல, சனி ஞாயிறு மேல வந்துடுவேன். பாரிஸ் அடியில இருக்கிற பழைய சுரங்கம், மெல்போர்ன் மழைநீர் வடிகால், பெரிய பெரிய பில்டிங் உச்சின்னு வெளிநாட்டுப் பசங்க சுத்துற வீடியோ நிறைய பாக்குறேன், பாக்கப் பாக்க நம்ம ஊர்லயே இவ்ளோ இருக்கேன்னு தோணுது. மலை ரயில் பாதையில மட்டும் 16 டனல், குந்தா பைக்காரா பக்கம் மலையைக் குடைஞ்சு தண்ணி கொண்டு போற டனல், இந்துநகர்ல மூடிக் கிடக்கிற ஃபிலிம் ஃபேக்டரி, அது போக டவர், தண்ணி டேங்க். நாங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணொண்ணா பாத்து ஃபோட்டோ எடுக்கலாம்னு பிளான். எதையும் உடைக்க மாட்டோம், எடுக்க மாட்டோம், குப்பை போட மாட்டோம். ரெண்டே கேள்வி. சட்டப்படி இது எவ்ளோ பெரிய தப்பு? நிஜமாவே டேஞ்சரா, இல்ல போர்டு வச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு வைக்கிறாங்களா? போகாதேன்னு ஒத்த வார்த்தையில முடிக்காம காரணத்தோட சொல்லுங்க ப்ளீஸ்.

ஊட்டிவக்கீல்:

சட்டத்தை நான் சொல்றேன், ஊட்டி கோர்ட்ல தான் பிராக்டீஸ் பண்றேன். 'உடைக்கல, எடுக்கல'ங்கிறது எல்லா இடத்துலயும் எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதா 329வது பிரிவுல குற்ற அத்துமீறல்னு சொல்லணும்னா ஒரு நோக்கம் இருக்கணும், அதாவது குற்றம் பண்ணவோ, அங்க இருக்கிறவங்களை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு பண்ணவோ உள்ள போயிருக்கணும். அதுக்கு மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆள் குடியிருக்கிற, பொருள் வைக்கிற கட்டடம்னா ஒரு வருஷம் வரைக்கும் போகும். ஃபோட்டோ எடுக்க மட்டும் தான் போனேன்னு இந்தப் பிரிவுல வாதாட இடம் இருக்கு, மறுக்கல.

ஆனா ரயில்வே சட்டம் 1989, 147வது பிரிவுக்கு அந்த நோக்கமே தேவையில்ல. அனுமதி இல்லாம ரயில்வே இடத்துக்குள்ள கால் வச்சாலே போதும், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆயிரம் தானேன்னு நினைக்காதீங்க, கேஸ்னு ஒண்ணு பதிவாயிட்டா பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷன்லயும் கவர்மெண்ட் வேலைக்குப் போறப்பவும் அது முன்னாடி வந்து நிக்கும்.

அடுத்து காடு. நம்ம மாவட்டத்துல நிறைய டனல் வாயும் பென்ஸ்டாக் லைனும் (பவர்ஹவுஸுக்குத் தண்ணி இறக்குற பெரிய குழாய்) ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள இல்லன்னா அதை ஒட்டித் தான் இருக்கு, அங்க 1882ஆம் வருஷத்து வனச் சட்டம் வந்துடும். சிங்காரா பக்கம்னா முதுமலை புலிகள் காப்பகம், அங்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 வேற. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 23 பேர் போன பிறகு டிரெக்கிங்குக்குன்னே தனி விதி கொண்டு வந்தாங்க, அதனால சும்மா நடந்து போனோம்னு சொல்லித் தப்பிக்கிற காலம் முடிஞ்சுது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி சுவர் பக்கமே கேமராவோட போகாதீங்க, அங்க அலுவல் ரகசியச் சட்டம் 1923.

இன்னொண்ணு யாரும் கேக்கறதில்ல. நாலு பேர் போய் ஒருத்தன் செத்துட்டா மீதி மூணு பேர் நிலைமை என்ன? கூட்டிட்டுப் போனவன் மேல அலட்சியத்தால மரணம்னு 106வது பிரிவு போட போலீசுக்கு வாய்ப்பு இருக்கு, அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை. செத்துப் போனவன் வீட்ல அம்மா அப்பா உங்களை எப்படிப் பாப்பாங்கங்கிறது சட்டத்துல வராது, அதையும் யோசிங்க.

பவர்ஹவுஸ்பெரியவர்:

தம்பி, நான் குந்தா ப்ராஜெக்ட்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். காரணம் கேட்டீங்களே, சொல்றேன்.

தண்ணி டனல் ஓட்டத்துல இருக்கிறப்ப நிறைஞ்சு தான் இருக்கும், அதுக்குள்ள யாரும் போக முடியாது. நீங்க வீடியோல பாத்து ஆசைப்படுறது காஞ்சு கிடக்கிற வாய். அது ஏன் காஞ்சிருக்குன்னு தெரியாம உள்ள போறது தான் ஆபத்து. டெயில் ரேஸ்னு ஒண்ணு இருக்கு, கரண்ட் எடுக்கிற மெஷினைச் சுத்திவிட்டு முடிச்ச தண்ணி வெளிய வர்ற வழி. மெஷின் நின்னிருக்கிற நேரம் பாத்தா பாசி படிஞ்சு கணுக்கால் தண்ணியோட அமைதியா இருக்கும், குழந்தை கூட நடந்து போயிடும். நீர்மின் நிலையம் பகல் பூரா ஓடணும்னு கட்டாயம் இல்லைங்க, சாயங்காலம் கரண்ட் தேவை ஏறுறப்ப சென்னை லோடு டிஸ்பேட்ச்ல இருந்து ஒரு போன் வரும், நிமிஷக் கணக்குல மெஷின் லோடு எடுக்கும். எடுத்த உடனே அத்தனை தண்ணியும் நீங்க நிக்கிற இடத்துக்குத் தான் வரும். உள்ள ஆள் இருக்கிறது கண்ட்ரோல் ரூம்ல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சர்ஜ் ஷாஃப்ட் அதை விட மோசம். டனல்ல ஓடி வர்ற தண்ணியை மெஷின் திடீர்னு நின்னா சட்டுன்னு நிறுத்த முடியாது, அந்த வேகம் பூரா செங்குத்தா இருக்கிற ஷாஃப்ட்ல மேல ஏறி இறங்கும். அதுக்காகத் தான் அந்தக் கிணறையே தோண்டி வச்சிருக்கு. கம்பி வேலி தாண்டிப் போய் எட்டிப் பாக்கிற இடம் இல்ல அது.

மழையையும் சொல்லணும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் பெஞ்சது. குன்னூர்ல வெயில் அடிக்கும், மேல அப்பர் பவானியில கொட்டும். நீங்க நிக்கிற வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்கும் உங்க தலைக்கு மேல இருக்கிற வானத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

குன்னூர்பையன்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பெரியவர் சொன்ன டெயில் ரேஸ் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஒரு டவுட், கட்டுமான வேலைக்காகத் தோண்டி அப்புறம் விட்டுட்ட சின்ன டனல், ஆடிட்னு சொல்றாங்களே, அதுல தண்ணியே வராதே. நாலு வாயு பாக்கிற கேஸ் மீட்டர் வாங்கிட்டு, ஹெல்மெட், ரெண்டு டார்ச்னு ஒழுங்கா போனா கூடவா ரிஸ்க்?

பவர்ஹவுஸ்பெரியவர்:

நல்ல கேள்வி தம்பி, இதைக் கேட்டதுக்கே சந்தோஷம்.

காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழ போனாலே உள்ள ஆள் இறக்க மாட்டோம். 16க்குக் கீழ போனா புத்தி தடுமாறும், அதாவது திரும்பிப் போகணும்ங்கிற முடிவையே எடுக்கத் தெரியாது. 10க்குக் கீழ மயக்கம். இதுல மூச்சு முட்டவே முட்டாது, அது தான் பயங்கரம். மூச்சு முட்டுறது கார்பன் டை ஆக்சைடு கூடுறதால தான், ஆக்சிஜன் குறையுறது உடம்புக்குத் தெரியறதில்ல. துரு பிடிச்ச இரும்பு, அழுகின மரச் சாரம், ஊறி நிக்கிற சேறு, இது எல்லாமே ஆக்சிஜனைத் தின்னும். ஒரே ஒரு வாய் இருக்கிற ஆடிட்ல காத்து ஓட்டமும் இருக்காது.

நீங்க சொல்ற மீட்டர் ஆக்சிஜன், எரியுற வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்த நாலைப் பாக்கும். கார்பன் டை ஆக்சைடு அந்தச் சாதாரண நாலு வாயு மீட்டர்ல வராது, பள்ளமான இடத்துல தேங்கி நிக்கிறதும் அது தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அளவு கூடினா மூக்கே மரத்துப் போயிடும், நாத்தம் நின்னுடுச்சேன்னு நினைச்சு இன்னும் உள்ள போவாங்க. மீட்டர் வெளிய ஓடுன்னு சொல்லும், சரி, ஓடுறதுக்கு வழி எங்க இருக்கு? வேலை நேரத்துல நாங்க கேட்டை இறக்கிப் பூட்டி, டேக் மாட்டி, ப்ளோயர் வச்சு காத்து தள்ளி, வாயில ஒரு ஆள் பேர் எழுதுற நோட்டோட உக்காந்திருப்பார், உள்ள போன கணக்கும் வெளிய வந்த கணக்கும் சரியா வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டார். அவர் இல்லாம மீட்டர் மட்டும் வச்சு என்ன பண்றது.

செப்டிக் டேங்க் சாவு செய்தி நம்ம தமிழ்நாட்டுல எத்தனை படிச்சிருப்பீங்க. ஒருத்தர் விழுவார், காப்பாத்தப் போன தம்பி விழுவான், அடுத்து பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவுல ஆராய்ஞ்சு பாத்தப்ப இந்த மாதிரி மூடின இடத்துச் சாவுல பாதிக்கு மேல காப்பாத்தப் போனவங்க தான்னு தெரிஞ்சுது. உங்க நாலு பேர்ல ஒருத்தன் விழுந்தா மீதி மூணு பேரும் யோசிக்காம உள்ள குதிப்பீங்க, நல்ல பசங்க தானே, குதிப்பீங்க. எனக்குக் கவலையே அது தான்.

கோடைமாப்ள:

பெரியவர் சொன்னதுக்கு கொடைக்கானல்ல இருந்து ஒரு உதாரணம். குணா குகைன்னு இப்ப எல்லாரும் சொல்ற டெவில்ஸ் கிச்சன்ல 2006ல கொச்சி பக்கத்துப் பசங்க ஒருத்தன் குழிக்குள்ள விழுந்து அவன் ஃப்ரெண்டே கயித்துல இறங்கித் தூக்கினது எல்லாருக்கும் தெரியும். 2024ல அந்தச் சம்பவத்தை வச்சு மலையாளப் படம் வந்துச்சு, அதுக்கப்புறம் இங்க என்ன ஆச்சுன்னா, பாக்க வர்ற கூட்டம் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போகாம தடுப்பைத் தாண்டி இறங்குறாய்ங்க, வனத்துறை பிடிச்சு கேஸ் போட்டது பேப்பர்லயே வந்துச்சு. ஒருத்தன் பொழைச்சு வந்ததைப் பாத்துட்டு நம்மளும் பொழைச்சிருவோம்னு நினைக்கிறாய்ங்க. அந்தப் பாறை இடுக்கு மேல சோலை மரத்து வேரும் எலைச்சருகும் மூடிக் கிடக்கும் மாப்ள, கால் வைக்கிற இடம் தரையா ஓட்டையான்னு பகல்லயே தெரியாது, மழை பேஞ்சா சுத்தம்.

இன்னொரு இடமும் சொல்லணும். இங்க மூடின தெர்மாமீட்டர் ஃபேக்டரி. 2001ல மூடினது, பாதரசக் கழிவுப் பிரச்சனையில. அந்த மண்ணைச் சுத்தம் பண்ண வருஷக்கணக்கா போராட்டம், வேலை பாத்தவங்க உடம்பு கெட்டு எத்தனை வருஷம் அலைஞ்சாங்கன்னு கோடைக்காரங்களைக் கேளுங்க. பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. மூடின ஃபேக்டரின்னா சும்மா காலி பில்டிங்னு நினைக்கிறவங்க, உள்ள என்ன செஞ்சாங்க எதைக் கொட்டுனாங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும்ணே. பூட்டு போட்ட எல்லா இடத்துலயும் திருடனுக்குப் பயந்து தான் பூட்டிருக்காய்ங்கன்னு இல்ல.

இந்துநகர்க்காரன்:

நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா ஃபிலிம் ஃபேக்டரியில இருந்தவர், நான் வளந்ததே குவார்ட்டர்ஸ்ல. 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, 1967ல உற்பத்தி. இந்துன்னு பேர் போட்ட ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், நாடு பூரா ஆஸ்பத்திரிக்கு இங்க இருந்து போச்சு. ஊட்டிப் பக்கம் எத்தனை குடும்பம் அந்தச் சம்பளத்துல படிச்சு வந்துச்சு. இன்னைக்கு அங்க என்ன மிச்சம் இருக்குன்னு பதிவு பண்ணி வைக்க யாரும் வரல. கவர்மெண்டும் வரல, காலேஜும் வரல. இந்த மாதிரிப் பசங்க எடுக்கிற ஃபோட்டோவாவது இருக்கட்டுமேன்னு எனக்குத் தோணுது. சட்டம் ஆபத்துன்னு மட்டுமே பேசிட்டு இருந்தா பத்து வருஷத்துல இடிஞ்சு மண்ணாயிடும், அப்புறம் பாத்துக்க ஒண்ணுமே இருக்காது.

ஆனா தம்பிக்கு ஒண்ணு சொல்லிடுறேன், அந்த பில்டிங் எப்படின்னு அப்பா சொல்லிக் கேட்டவன் நான். ஃபிலிம் மேல பூச்சு பூசுறது முழு இருட்டுல நடக்கிற வேலை, அதனால அந்தப் பகுதிக்கு ஜன்னலே கிடையாது, உள்ள வெளிச்சம் கசியக் கூடாதுன்னு வளைஞ்சு வளைஞ்சு போற நடை. டார்ச் அணைஞ்சா எந்தப் பக்கம் வந்தோம்னு தெரியாது. தரையில குழாய் பிடுங்கின குழி, மேல ஊறிப் போன ஃபால்ஸ் சீலிங். அதனால திருட்டுத்தனமா போங்கன்னு நான் சொல்லல, கேட்டு வாங்கிட்டுப் போங்க, நாங்களும் கூட வர்றோம்னு சொல்றேன்.

வெலிங்டன்பொண்ணு:

மலை ரயில் பத்தி யாரும் விவரமா சொல்லாததால எழுதுறேன். எங்க அப்பா டிராக் கேங்ல இருந்தவர், கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் அவர் நடக்காத ஸ்லீப்பர் இல்ல.

டைம் டேபிள் பாத்துட்டுத் தான் போறோம், ரயில் போன பிறகு தான் டனல்ல நிக்கிறோம்னு நிறைய பேர் சொல்றாங்க. டைம் டேபிள்ல இருக்கிறது பயணிகள் ரயில் மட்டும் தாங்க. சீசன்ல ஸ்பெஷல் விடுவாங்க, ஜல்லி ஏத்திட்டு வண்டி வரும், மண் சரிஞ்சா ஆள் ஏத்திட்டுப் போகும், இன்ஸ்பெக்ஷன் டிராலி இறக்கத்துல இஞ்சின் சத்தமே இல்லாம உருண்டு வரும். அது மட்டும் இல்ல, நம்ம ரயில் மத்த ரயில் மாதிரி இல்ல, தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச கம்பி ஓடுற ராக் பகுதியில இஞ்சின் எப்பவும் இறக்கத்துப் பக்கம் தான், மேல ஏறுறப்ப பின்னால இருந்து தள்ளும். அப்ப உங்களைப் பாக்க மொத வர்றது பெட்டி, சத்தம் அதுக்குப் பின்னாடி. வளைவு மேல வளைவு, மொத்தம் 208, டனலுக்குள்ள எதிரொலி வேற, எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு காது குழப்பிடும். முன்னால பிளாட்ஃபார்ம்ல கொடியோட நிக்கிறவர் உங்களைப் பாத்து சைகை காட்டி இஞ்சின்காரர் பிரேக் போடணும், 12.5 அடிக்கு ஒரு அடி ஏத்தம் இறக்கத்துல. உங்களுக்காக அவசரமா பிரேக் போட்டா அந்தப் பெட்டியில இருக்கிற குழந்தை குட்டிக்கு என்ன ஆகும்?

பாலத்துல ஒதுங்க இடம் ரொம்ப கம்மி, ஸ்லீப்பருக்கு நடுவுல கீழ பள்ளம் தெரியும், நடுவுல இருக்கிற ராக் பார்ல எண்ணெய்ப் பிசுக்கு. அந்தக் கம்பி மேல கால் வச்சா வழுக்கும், அப்பாவே அது மேல மிதிக்க மாட்டார். கல்லார் ஹில்குரோவ் நடுவுல யானை பாதையில தான் நடக்கும், டனலுக்குள்ள நீங்க, வாயில அது.

டவர்வேலை:

டவர் ஏறுறது என் தொழில், அதைப் பத்தி மட்டும் பேசுறேன். தேயிலை எஸ்டேட் மேல நிக்கிற டவர் ஏணியைப் பாத்தா பெயிண்ட் அடிச்சு புதுசு மாதிரி இருக்கும். நான் ஏறுறதுக்கு முன்ன ஸ்பேனர் வச்சு ஒவ்வொரு படியையும் தட்டுவேன். நல்ல கம்பி ணங்குன்னு சொல்லும், உள்ள துரு தின்ன கம்பி டொப்புன்னு சொல்லும். வெல்டு போட்ட மூலையில, காங்கிரீட்டுக்குள்ள இறங்குற காலுல தான் மொதல்ல தின்னும், வெளிய தெரியாது. நம்ம மலையில வருஷம் பூரா மூடுபனி, இரும்பு காயறதே இல்ல. பழைய தண்ணி டேங்க் ஏணி இன்னும் மோசம், அதை யாரும் வருஷா வருஷம் பாக்கறது கூட இல்ல.

எங்களுக்கு ரெண்டு கயிறு, ரெண்டு கொக்கி. ஒண்ணை மாட்டிட்டுத் தான் இன்னொண்ணைக் கழட்டணும், ஒரு செகண்ட் கூட ரெண்டும் வெளிய இருக்கக் கூடாது. அப்படி விழுந்தாலும் பெல்ட்டுல அசையாம தொங்கினா ரத்தம் காலுல தேங்கி கொஞ்ச நேரத்துலயே உயிருக்கு ஆபத்து, அதனால இறக்கத் தெரிஞ்ச ஆள் இன்னொருத்தர் சைட்ல இல்லாம ஏற மாட்டோம். ஆன்டெனா முன்னாடி வேலைன்னா ஆபரேட்டருக்குச் சொல்லி பவர் குறைக்கச் சொல்லுவோம், கண்ணுக்குத் தெரியாத சூடு அது. ஏப்ரல் மே இடி, ஐப்பசி இடி, தூரத்துல உறுமினாலே எறங்கிடணும்.

அப்புறம் மலைத்தேனீ. பாலத்து அடி, டேங்க் விளிம்பு, டவர் கை, எங்க காத்து மறைவோ அங்க கூடு. 2025 ஏப்ரல்ல கூடலூர் ஊசிமலைக்கு வந்த கேரளாப் பையன் ஒருத்தர் தேனீ கொட்டியே இறந்துட்டார், அது தரையில. உயரத்துல கொட்டினா கையை விடாம இருக்க முடியுமா?

வெளிநாட்டு வீடியோ பத்தி, 2017ல சீனாவுல சாங்ஷாங்கிற ஊர்ல 62 மாடி பில்டிங் விளிம்புல தொங்கின பையன் மறுபடி மேல ஏற முடியாம விழுந்தார், அவர் வச்ச கேமராவே அதை எடுத்திருந்துச்சு. அதுக்கு முன்ன எத்தனையோ பில்டிங்ல நல்லா பழகின ஆள் அவர். பழக்கம் பத்தாதுங்க, கயிறு வேணும்.

ஊட்டிவக்கீல்:

தம்பி பாரிஸ் சொன்னதால ஒரு தகவல். அங்கயும் டிக்கெட் வாங்கிப் பாக்கிற பகுதி தவிர மத்ததுக்குள்ள போறது 1955ல இருந்தே தடை தான், அதுக்குன்னு தனி போலீசே இருக்கு. 2017ல ரெண்டு டீன் ஏஜ் பசங்க உள்ள வழி தப்பி மூணு நாள் இருட்டுல கிடந்து மோப்ப நாய் வச்சுக் கண்டுபிடிச்சாங்க, உடம்பு சில்லிட்டுப் போயிருந்துச்சு. பாரிஸ் ஊருக்கு நடுவுல அது நடந்துச்சு. இங்க தேசிய பேரிடர் மீட்புப் படை பட்டாலியன் இருக்கிறது அரக்கோணத்துல. அவங்க மலையேறி வர்ற வரைக்கும் ஊட்டி, குன்னூர் ஃபயர் சர்வீஸ்காரங்களும் பக்கத்து எஸ்டேட் ஆளுங்களும் தான் உள்ள இறங்கணும்.

இந்துநகர்க்காரர் சொன்னதை நான் ஒத்துக்குறேன், பதிவு பண்ணணும். வழி இருக்கு. ரயில் பாதைன்னா சேலம் கோட்டத்துக்கு எழுதுங்க, ஃபோட்டோ அனுமதி கேக்கலாம், குன்னூர் லோகோ ஷெட்டையும் சேத்துக் கேளுங்க. காட்டுப் பாதைன்னா டிரெக் தமிழ்நாடு, 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆரம்பிச்சது, கைடோட போகலாம். ஃபேக்டரின்னா இப்ப பொறுப்பு யார் கையிலன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு அவங்களுக்கு மனு.

குன்னூர்பையன்:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், ஃப்ரெண்ட்ஸ் குரூப்லயும் போட்டேன். டனல் பிளானை எடுத்துட்டோம். ஃபேக்டரிக்கு மனு எழுதலாம்னு முடிவு, இந்துநகர்க்காரர் அண்ணா, உங்க அப்பா மாதிரி வேலை பாத்தவங்க நாலஞ்சு பேர் கையெழுத்தும் சேர்ந்தா வெயிட்டா இருக்கும், முடியுமா? மனுவுல என்ன என்ன இருக்கணும் சார்? ஆனா எங்க குரூப்ல ஒருத்தன் மட்டும் டவர் ஏறியே தீருவேன்ங்கிறான், எவ்ளோ சொன்னாலும் கேக்கல.

இந்துநகர்க்காரன்:

கையெழுத்து என் பொறுப்பு. அப்பா கூட வேலை பாத்தவங்க காந்தல்ல, லவ்டேல்ல இருக்காங்க, நானே போய் வாங்குறேன். எந்த பில்டிங்ல எது நடந்துச்சுன்னு அப்பாவை வச்சு ஒரு மேப்பும் வரைஞ்சு தர்றேன், அதை மனுவோட இணைங்க.

ஊட்டிவக்கீல்:

போறவங்க பேர், அடையாள அட்டை நகல், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பகுதி, ஃபோட்டோ எதுக்குப் பயன்படும், ட்ரோன் இல்லைங்கிறது, அவங்க அனுப்புற ஆளோட தான் நடப்போம்ங்கிறது. கட்டடம் தாங்குமான்னு பொதுப்பணித்துறை இன்ஜினியர் பாத்துச் சொன்ன பகுதிக்குள்ள மட்டும் போவோம்னு நீங்களே எழுதிடுங்க, அனுமதி குடுக்கிறவருக்குத் தைரியம் வரும். நேர்ல குடுத்து ரசீது வாங்குங்க.

டவர்வேலை:

ஏறியே தீருவேன்கிற தம்பியை எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க. உயரத்துல வேலை பாக்க கோயம்புத்தூர்லயே டிரெய்னிங் குடுக்கிறாங்க, மெடிக்கல் பாத்து, பெல்ட் மாட்டி, மேல இருந்து ஒருத்தரை எப்படி இறக்குறதுங்கிறது வரைக்கும் சொல்லித் தருவாங்க. தலைசுத்தல், வலிப்பு, பிரஷர் எதாவது இருந்தா மொத அதைச் சொல்லச் சொல்லுங்க. அது வரைக்கும் எஸ்டேட் டவர் பக்கம் போக வேணாம்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க.